மருந்துச் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி வாங்கலாமா? மன்னார்ப் பகுதிக் கால்நடை வளர்ப்போருக்கு ஒரு விளக்கம்

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த பெருநிலப் பகுதியிலும் வாழும் கமக்காரருக்கு வயல் ஒரு கை; கால்நடை மற்றொரு கை. நானாட்டான், முருங்கன் பகுதிகளில் காலபோக நெல் மழையையும் கட்டுக்கரைக்குளத்து நீரையும் நம்பி விளைகின்றது. நெல் பொய்க்கும் ஆண்டில் குடும்பத்தைத் தாங்குவன பட்டியில் நிற்கும் மாடுகளும் ஆடுகளுமே. பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி முதலிய கரையோர ஊர்களிலும், கடலுக்குச் செல்ல இயலாத நாட்களில் வீட்டுச் செலவுக்கு உதவுவன சில ஆடுகளும் ஊர்க்கோழிகளுமே. ஆகையால், பிராணி ஒன்று நோயுற்று நிற்கும்போது அதனை எவ்வாறேனும் காப்பாற்றிவிடல் வேண்டும் என்று நீங்கள் பதறுதல் இயல்பே.

அப்பதற்றத்தில் நிகழ்வது யாது? மாரி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் உங்கள் ஆடு கழிகின்றது. இரை எடுக்காமல் ஒதுங்கி நிற்கின்றது. நீங்கள் மருந்துக் கடைக்குச் சென்று, ஆட்டுக்குக் கழிச்சல் என்று கூறி, நல்ல குளிசையாக நான்கு தரும்படி கேட்கின்றீர்கள். கடைக்காரரும் தந்துவிடுகின்றார். இரண்டைக் கஞ்சியிற் கரைத்து ஆட்டுக்குப் பருக்குகின்றீர்கள். ஆடு சற்றே தேறியதும் மிகுதி இரண்டையும் அலுமாரியிற் பத்திரப்படுத்துகின்றீர்கள். அடுத்த மாதம் பிள்ளைக்குத் தடிமனும் காய்ச்சலும் வரும்போது அவ்விரண்டும் வெளியே வருகின்றன.

இவ்வழக்கம் நம்மிற் பலரிடம் உண்டு. இதிற் பெரிய தவறு எதுவும் இருப்பதாக நாம் நினைப்பதில்லை. ஆயினும், இதனால் ஆட்டுக்கு நேரும் தீமையிலும் பார்க்க, உங்கள் பிள்ளைக்கும் அயலாரின் பிள்ளைக்கும் நேரக்கூடிய தீமை பெரிது. அஃது எவ்வாறு என்பதையும், அதற்குப் பதிலாக நீங்கள் செய்யக்கூடியது யாது என்பதையும் விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

நுண்ணுயிர்க்கொல்லி என்பது யாது?

மக்கள் வழக்கில் ‘அன்ரிபயோட்டிக்’ என்று சொல்லப்படும் மருந்துகளே நுண்ணுயிர்க்கொல்லிகள். பெனிசிலின், அமொக்சிசிலின், ஒக்சிரெற்றாசைக்கிளின், டொக்சிசைக்கிளின் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. பற்றீரியா எனப்படும் கிருமிகளைக் கொல்லுவதும் அவை பெருகாமல் தடுப்பதும் இவற்றின் தொழில்.

இவற்றுள் முதன்முதற் புகழ்பெற்றது பெனிசிலின். 1928 ஆம் ஆண்டில் இலண்டனில் அலெக்சாந்தர் பிளெமிங் என்பவர், தாம் கிருமி வளர்த்த தட்டொன்றிற் பூஞ்சணம் படிந்திருப்பதையும், அப்பூஞ்சணத்தைச் சுற்றியிருந்த கிருமிகள் அழிந்திருப்பதையும் கண்டார். 1941 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் நகரில் அம்மருந்து ஒரு பொலிஸ்காரருக்குக் கொடுக்கப்பட்டது. கிருமி தொற்றி மரணப்படுக்கையிற் கிடந்த அவர், சில நாட்களிலேயே வியக்கத்தக்க வகையில் தேறினார். ஆனால் அக்காலத்தில் மருந்து மிக அரிது. கையிலிருந்த மருந்து முடிந்துபோயிற்று, நோய் மீண்டும் தலையெடுத்தது, அவர் இறந்துபோனார். நோய் குறைவதும் நோய் நீங்குவதும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. ஆடு எழுந்து நின்றதும் மருந்தை நிறுத்திவிடும் நாம் இதனை மறத்தலாகாது.

பிளெமிங் 1945 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, இம்மருந்து கடைகளில் யாவருக்கும் எளிதாகக் கிடைக்கும் காலத்தில், அறியாதவர்கள் போதிய அளவினும் குறைவாக உட்கொண்டு கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடுவர் என்று எச்சரித்தார். அவர் கூறிய காலம் இன்று வந்துவிட்டது.

எந்நோய்க்குப் பயன்படும், எந்நோய்க்குப் பயன்படாது?

எல்லா நோயும் பற்றீரியாக் கிருமியால் வருவதில்லை. சில நோய்கள் வைரசு எனப்படும் வேறொரு வகைக் கிருமியால் வருகின்றன. சில, குடற்புழுக்களாலும் உண்ணிகளாலும் வருகின்றன. இன்னுஞ் சில, குளிர், பசி, தீவன மாற்றம், நச்சுத்தழை என்பனவற்றால் வருகின்றன. நுண்ணுயிர்க்கொல்லி முதல்வகைக்கு மாத்திரமே மருந்து. ஏனையவற்றுக்கு அதனைக் கொடுத்தல், பூட்டுக்கு உரிய திறப்பை விட்டு வேறொரு திறப்பைப் போட்டுத் திருகுவதை ஒக்கும்.

அண்மைக்காலத்து அனுபவங்கள் மூன்றை நினைவுகூருங்கள்.

முதலாவது, 2020 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வட மாகாணத்து மாடுகளைப் பீடித்த தோல் கழலை நோய். உடலெங்கும் கட்டிகள் எழும்பிய அந்நோய் இலங்கையிற் காணப்பட்டது அதுவே முதற்றடவை. அது வைரசினால் வருவது. ஈ, நுளம்பு, உண்ணி முதலியவற்றாற் பரவுவது. நுண்ணுயிர்க்கொல்லியால் அவ்வைரசு சாவதில்லை.

இரண்டாவது, 2022 டிசெம்பரில் ‘மண்டூஸ்’ புயற்காலத்தில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தமை. கொள்ளைநோய் வந்துவிட்டதென்று மக்கள் அஞ்சினர். பரிசோதித்துப் பார்த்தபோது, திடீரென வீசிய கடுங்குளிர்க் காற்றே காரணம் எனத் தெரிய வந்தது. மழையில் நனைந்து வெட்டவெளியில் நின்ற பிராணிகளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஊசியன்று. ஒரு கூரையும் காற்று மறைப்புமே.

மூன்றாவது, 2024 ஆம் ஆண்டில் நம் நாட்டிற் பன்றிகளிடையே பரவிய ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல். இதுவும் வைரசு நோய். இதற்கும் நுண்ணுயிர்க்கொல்லி பயன்தராது.

இவற்றைப் போலவே, வாயிலும் குளம்பிடையிலும் புண் உண்டாக்கும் கால்வாய் நோயும், கோழிகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டுபோகும் இராணிக்கெற் நோயும் வைரசினால் வருவனவே. கோழிகள் வெள்ளையாகக் கழியத் தொடங்கியதும் தண்ணீரிற் குளிசை கரைத்து வைப்பதனால் யாதொரு பயனும் இல்லை. மனிதருக்கு வரும் சாதாரண தடிமனும் அத்தகையதே.

வைரசு நோயுற்ற பிராணியின் புண்ணிற் பின்னர் பற்றீரியாக் கிருமி தொற்றினால், வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதுண்டு. அஃது அவர் பார்த்து முடிவுசெய்ய வேண்டிய விடயம். ஒரு மாட்டுக்கு அவர் கொடுத்ததைக் கண்டு, பட்டியிலுள்ள மாடுகளுக்கெல்லாம் நாமே கொடுத்துவிடுதல் கூடாது.

மாறாக, உரிய நோய்க்கு உரிய முறையிற் கொடுக்கப்படுமாயின் இம்மருந்து உயிர் காக்கும். வயலில் இறங்கும் கமக்காரருக்கு வரும் எலிக்காய்ச்சல் பற்றீரியாவால் வருவது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அது சில உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்நோய் பரவும் இடங்களிற் சுகாதாரத் துறையினர் கமக்காரருக்கு டொக்சிசைக்கிளின் வழங்குவதுண்டு. யாருக்கு, எவ்வளவு, எத்தனை வாரம் என்று அவர்களே வரையறுத்து வழங்குகின்றனர். அம்மருந்து நம்மைக் காக்கும் ஆற்றலை இழக்காதிருக்க வேண்டுமாயின், அதனை ஆட்டின் கழிச்சலுக்கும் பிள்ளையின் தடிமனுக்கும் வீணாக்குதல் தகாது.

மருந்து வலிமை இழப்பது எவ்வாறு?

விதைநெல்லை நீங்கள் எவ்வாறு தெரிவு செய்கின்றீர்கள்? வரட்சியையும் பூச்சியையும் தாங்கி நன்கு விளைந்த கதிர்களையே ஒதுக்கி வைக்கின்றீர்கள். அடுத்த போகத்தில் வயல் முழுவதும் அத்தகைய பயிரே நிற்கின்றது. அரைகுறையாக மருந்து கொடுக்கும்போது, நீங்கள் அறியாமலே கிருமிகளுக்கும் இவ்வாறு விதை பொறுக்குகின்றீர்கள்.

பிராணியின் உடலிற் கோடிக்கணக்கான கிருமிகள் உள்ளன. அவற்றுட் சில, மருந்தைத் தாங்கும் வலிமை உடையனவாய் இயல்பாகவே அமைந்துவிடுவதுண்டு. போதிய மருந்து போதிய நாட்களுக்குக் கிடைத்தால் கிருமிகள் அனைத்தும் நலிந்துபோக, எஞ்சிய சிலவற்றைப் பிராணியின் உடலே அழித்துவிடும். இரண்டு குளிசையோடு நிறுத்திவிட்டால், மெலிந்த கிருமிகள் மாத்திரம் செத்து, வலியன எஞ்சுகின்றன. இடமும் உணவும் அவற்றுக்கே கிடைக்கின்றன. நல்ல வாய்ப்புக் கிடைத்தால், சில பற்றீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அவ்வாறு பிரியும் ஒரு கிருமி பத்து மணி நேரத்தில் நூறு கோடிக்கு மேற்பட்டதாகப் பெருகும். எஞ்சிய ஒன்றுதானே என்று அசட்டையாக இருத்தல் கூடாது என்பதற்கு இக்கணக்கே சான்று.

நோய் இல்லாத இடத்தில் மருந்து கொடுப்பதும் இதே விளைவைத் தருகின்றது. ஆட்டின் கழிச்சல் குடற்புழுவால் வந்ததாயின், குளிசை புழுவைத் தொடுவதில்லை. குடலில் வாழும் தீங்கற்ற பற்றீரியாக்களே மடிகின்றன. மருந்தைத் தாங்குவன அங்கே குடியேறுகின்றன.

இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. மருந்தை எதிர்க்கும் தன்மையை ஒரு கிருமி தன் சந்ததிக்கு மாத்திரமன்றி, அருகிலுள்ள வேறு இனக் கிருமிக்கும் கையளிக்க வல்லது. 2015 ஆம் ஆண்டிற் சீனாவில் இவ்வுண்மை உலகறிய வெளிப்பட்டது. வேறு மருந்துகள் பயன்படாத வேளையில் மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக வைக்கப்பட்டிருந்த கொலிஸ்ரின் என்னும் மருந்தை, அங்கே பன்றிகளின் தீவனத்திற் கலந்து வந்தனர். அதனை எதிர்க்கும் தன்மை பன்றிகளின் கிருமிகளிலும் இறைச்சியிலிருந்த கிருமிகளிலும் வைத்தியசாலை நோயாளரின் கிருமிகளிலும் ஒருங்கே காணப்பட்டது. சீனா 2017 ஆம் ஆண்டில் அதனைத் தீவனத்திற் கலப்பதை நிறுத்தியது. இந்தியாவும் 2019 ஆம் ஆண்டில், உணவுக்காக வளர்க்கப்படும் பிராணிகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. பிராணிகள் விரைவிற் கொழுக்க வேண்டும் என்பதற்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டு முதலே முற்றாக விலக்கிவிட்டது.

பட்டியிலிருந்து வீட்டுக்கு

பட்டியில் வலிமை பெற்ற கிருமி பட்டியோடு நின்றுவிடுவதில்லை. சாணியிலும் புழுக்கையிலும் அது வெளிவருகின்றது. மன்னார்த் தீவின் நிலம் மணற்பாங்கானது. கிணறுகள் ஆழம் குறைந்தவை. தொழுவத்துக் கழிவு கிணற்று நீரைச் சென்றடைதல் இங்கே எளிது. பால் கறக்கும் கை, முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் கால், காய்ச்சாத பால், நன்கு வேகாத இறைச்சி என்பனவும் அதற்கு வழிகளாகின்றன.

அதன்பின் நேரக்கூடியதை எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு உண்மையாகவே கடுமையான கிருமித்தொற்று ஏற்பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கின்றீர்கள். வைத்தியர் வழக்கமாகக் கொடுக்கும் மருந்தைக் கொடுக்கின்றார், காய்ச்சல் தணியவில்லை. வேறொன்றைக் கொடுக்கின்றார், அதுவும் பயன்தரவில்லை. வலிமைமிக்க மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடவேண்டியிருக்கின்றது. இதற்குள் நாட்கள் கழிந்துவிடுகின்றன. மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்களை நேர்க்காரணமாகக் கொண்டு 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

கட்டுக்கரைக்குளத்து நீர் யாருக்கும் தனிச்சொத்தன்று. மேல்வாய்க்காலில் உள்ளவர் தமக்கு வேண்டியதிலும் கூடுதலாகத் திறந்துவிட்டால், கடைவாய்க்காலில் உள்ளவரின் பயிர் வாடும். நுண்ணுயிர்க்கொல்லியின் ஆற்றலும் அத்தகைய பொதுச்சொத்தே. ஒருவர் வீணாக்கியதை இன்னொருவர் தம் பிள்ளையின் நோயில் இழக்க நேரிடும்.

மனிதர் குளிசையை ஆட்டுக்குக் கொடுக்கலாமா?

கொடுத்தல் ஆகாது. ஆடு, மாடு, எருமை ஆகியன அசைபோடும் பிராணிகள். அவை தின்னும் புல்லையும் வைக்கோலையும் செரிக்கச் செய்வன அவற்றின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே. வளர்ந்த ஆட்டுக்கு வாய்வழியாக நுண்ணுயிர்க்கொல்லியைப் பருக்கினால், அந்நல்ல நுண்ணுயிர்களும் மடியும். ஆடு இரை எடுக்காது, அசைபோடாது, கழிச்சல் மேலும் கூடும். நோயினால் அன்றி மருந்தினாலேயே ஆடு இளைத்துப்போதல் உண்டு.

மருந்தின் அளவு பிராணியின் நிறைக்கு ஏற்பக் கணக்கிடப்படுவது. கண்மதிப்பிற் கொடுப்பது பெரும்பாலும் குறைவாகவோ கூடுதலாகவோ முடியும். உங்கள் ஆட்டின் நிறையை அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஆட்டைத் தூக்கிக்கொண்டு நிறுவையில் ஏறி நில்லுங்கள். பின்னர் நீங்கள் மாத்திரம் ஏறி நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே ஆட்டின் நிறை. வைத்தியரிடம் செல்லும்போது இதனைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

குளிசையைத் திறந்து அதன் தூளைப் புண்ணில் தூவும் வழக்கமும் விடப்பட வேண்டியதே. மாட்டின் கொம்படிக் காயமாயினும், கடலில் திருக்கை முள் குத்திய காயமாயினும், முதலிற் செய்யவேண்டியது சுத்தமான நீரால் நன்கு கழுவுதல். தூள் புண்ணின்மேற் படைபோலக் காய்ந்து, அழுக்கை உள்ளே மூடிவிடுகின்றது. திருக்கை முள் குத்தியவரைக் கட்டாயம் வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும்.

பாலும் இறைச்சியும் முட்டையும்

மருந்து பெற்ற பிராணியின் பாலிலும் இறைச்சியிலும் அம்மருந்து சில காலம் தங்கி நிற்கும். அது நீங்கும் வரை பாலையும் இறைச்சியையும் உணவுக்கு விலக்குதல் வேண்டும். அக்காலத்தை விலக்குக் காலம் என்பர். அது மருந்துக்கு மருந்து வேறுபடும். மருந்துப் போத்தலின் சிட்டையிலும் அது குறிக்கப்பட்டிருக்கும், வைத்தியரும் சொல்லுவார். கோழிக்கு மருந்து கொடுத்தால் முட்டைக்கும் இவ்விதி பொருந்தும்.

காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று எண்ணுதல் தவறு. காய்ச்சுதல் கிருமியைக் கொல்லும். மருந்து முழுவதையும் நீக்காது. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு, அது தங்கிய பால் தீங்கு விளைவிக்கக்கூடும். தயிருக்கு உறை ஊற்றிய பால் உறையாமற் கிடந்ததை நீங்கள் கண்டிருக்கலாம். அதற்குக் காரணம் பலவாயினும், மருந்து கலந்த பாலும் அவற்றுள் ஒன்று. பாலைத் தயிராக்குவதும் ஒருவகைப் பற்றீரியாவே. மருந்து அதனையும் கொன்றுவிடுகின்றது. மடி அழற்சிக்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலை ஏனைய பாலோடு கலந்து சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்தால், ஊரார் அனைவரின் பாலும் பழுதாகும். விலக்குக் காலத்துப் பாலைக் கன்றுக்குக் கொடுப்பதும் நன்றன்று. கன்றின் குடலிலும் மருந்தெதிர்ப்புக் கிருமிகள் பெருக அது வழிசெய்யும்.

சட்டம் கூறுவது யாது?

இலங்கையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைத்தியரின் மருந்துச் சீட்டுக்கு மாத்திரமே விற்கப்படல் வேண்டும். மருந்து விற்பனையை இன்று ஒழுங்குபடுத்துவது 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. ஆயினும் நடைமுறை வேறாக உள்ளது. நோயாளரைப் போலச் சென்று 242 மருந்தகங்களிற் கேட்டுப் பார்த்த ஆய்வொன்று 2019 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவற்றுள் நூற்றுக்கு 61 மருந்தகங்கள் சீட்டு இல்லாமலே நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்துவிட்டன.

குற்றம் கடைக்காரர் மீது மாத்திரமன்று. இவர் தராவிட்டால் அடுத்த கடையில் வாங்குவேன் என்று நாம் வற்புறுத்துவதும் அதற்குக் காரணம். சீட்டுக் கேட்கும் கடைக்காரர் உங்களுக்கு இடையூறு செய்பவர் அல்லர், நன்மை செய்பவர். அவரோடு முரண்படாதீர்கள்.

வைத்தியர் தொலைவில் இருந்தால்?

இவ்விடத்தில் நீங்கள் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்கலாம். குளிசையின் விலை சிறிது. கடை அருகில் உள்ளது. மிருக வைத்தியர் என்று நாம் வழங்கும் கால்நடை வைத்தியரின் பணிமனையோ தொலைவில் உள்ளது. முசலியின் ஒரு மூலையிலிருந்தோ மடுவின் காட்டோரத்திலிருந்தோ ஆட்டைக் கொண்டுசெல்ல ஒரு நாள் உழைப்பை இழக்க நேரிடும். இது மெய்யான கஷ்டமே. எனினும் பின்வரும் வழிகளைக் கைக்கொண்டால் அது பெரிதும் குறையும்.

முதலில், பணிமனையின் தொலைபேசி இலக்கத்தையும் உங்கள் பகுதிக் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தரின் இலக்கத்தையும் நோய் வருமுன்னரே பெற்று வைத்திருங்கள். பிராணி நோயுற்றதும் அழைத்து, பின்வருவனவற்றைக் கூறுங்கள்: பிராணியின் வயது, நிறை, நோய் தொடங்கிய நாள், இரை, நீர், அசைபோடுதல் எவ்வாறு உள்ளன என்பது, சாணியின் நிறமும் தன்மையும், பட்டியில் வேறு எத்தனை பிராணிகளுக்கு அக்குணம் உண்டு என்பது, கடைசியாகத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்த காலம். கைத்தொலைபேசியிற் படம் எடுத்து அனுப்புதலும் பயன்தரும்.

அடுத்து, ஆட்டின் கீழிமையை விரலாற் சற்றே தாழ்த்திப் பாருங்கள். உட்புறம் நன்கு சிவந்திருப்பது நல்ல குணம். வெளிறி வெள்ளையாகத் தோன்றினால், இரத்தம் உறிஞ்சும் குடற்புழு காரணமாயிருத்தல் கூடும். ஒரு சிறு போத்தலிற் புதிய புழுக்கையை இட்டுப் பணிமனைக்கு அனுப்பினால், பரிசோதித்து உரிய புழுமருந்தைச் சொல்லுவர். ஆட்டைக் கொண்டுசெல்லாமலே இதனைச் செய்யலாம். அயலவர் நால்வர் சேர்ந்து ஒருவரையே அனுப்பினாற் செலவும் பகிரப்படும்.

வைத்தியரின் ஆலோசனை கிடைக்கும் வரை, நோயுற்ற பிராணியைத் தனியே கட்டுங்கள். நிழலும் உலர்ந்த படுக்கையும் கொடுங்கள். கழியும் பிராணி பெரும்பாலும் நீர் வற்றியே சாகின்றது. ஆதலாற் சுத்தமான நீரை அடிக்கடி வையுங்கள். உப்பும் சீனியும் சிறிது கரைத்த நீரைக் குட்டிகளுக்குச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். நோயுற்றதைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பட்டியிற் பல பிராணிகள் ஒரே காலத்தில் வீழ்ந்தாலோ, திடீரென இறந்தாலோ, உடனே அறிவித்தல் வேண்டும். இறந்ததை அறுத்து இறைச்சியாக்குதல் ஆபத்து.

வைத்தியர் சீட்டெழுதும்போது ஐந்து விடயங்களைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்: மருந்தின் பெயர், ஒருமுறைக்குரிய அளவு, நாளொன்றுக்கு எத்தனை முறை, எத்தனை நாட்கள், பால், இறைச்சி விலக்குக் காலம் எத்தனை நாள். அவர் குறித்த நாட்கள் முடியுமுன் நிறுத்தவும் வேண்டாம். முடிந்தபின் நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.

வருமுன் காத்தல்

மருந்தின் தேவையைக் குறைப்பதே எல்லாவற்றிலும் சிறந்த வழி. கால்வாய் நோய்க்கும் கோழிகளின் இராணிக்கெற் நோய்க்கும் தடுப்பூசி உண்டு. காலம் தவறாது போடுவியுங்கள். கன்றும் குட்டியும் பிறந்த சில மணி நேரத்துக்குள், ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப்பாலைப் போதியளவு குடித்தல் வேண்டும். நோயைத் தாங்கும் வலிமையைத் தாயிடமிருந்து அவை பெறுவது அதன் மூலமே.

ஆட்டுக்கொட்டிலை நிலத்திலிருந்து உயர்த்திப் பரணாக அமையுங்கள். இப்பகுதியிற் பனைக்குக் குறைவில்லை. பனஞ்சலாகைகளை இடைவெளி விட்டு அடித்தாற் புழுக்கை கீழே விழுந்துவிடும். ஆடு உலர்ந்த இடத்திற் படுக்கும். வாடைக்காற்று வீசும் பக்கத்தில் பனையோலைத் தட்டியால் மறைப்புக் கட்டுங்கள். பட்டியையும் எருக்குவியலையும் குடிநீர்க் கிணற்றிலிருந்து இயன்றளவு தொலைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாரிகாலத்திற் பனி உலருமுன் ஆட்டை மேய்ச்சலுக்கு விடாதீர்கள். ஈரப்புல்லின் நுனியிலேயே புழுக்குஞ்சுகள் ஏறி நிற்கும். பால் கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைத்தால், மடி அழற்சி பெரும்பாலும் வராது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. வைத்தியரின் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி வாங்காதீர்கள். பிராணிக்காயினும் பிள்ளைக்காயினும் இதுவே விதி.

2. மனிதருக்குத் தந்த மருந்தைப் பிராணிக்கும், பிராணிக்குத் தந்ததை மனிதருக்கும் கொடுக்காதீர்கள்.

3. குறித்த அளவிற் குறித்த நாட்களுக்குக் கொடுங்கள். பிராணி தேறிவிட்டது என்று இடையில் நிறுத்தாதீர்கள்.

4. மிஞ்சிய மருந்தை அடுத்த நோய்க்கென்று சேமியாதீர்கள், அயலவருக்கும் கொடாதீர்கள். கிணற்றிலோ குளத்திலோ கடலிலோ எறியாமல், பணிமனையிற் கேட்டு ஒப்படையுங்கள்.

5. விலக்குக் காலம் முடியும் வரை பாலையும் முட்டையையும் இறைச்சியையும் விற்காதீர்கள், உண்ணாதீர்கள்.

6. கொழுப்பதற்கோ நோய் வராதிருப்பதற்கோ என்று தீவனத்திலும் தண்ணீரிலும் இம்மருந்தைக் கலவாதீர்கள்.

7. தடுப்பூசி, உலர்ந்த கொட்டில், சுத்தமான நீர், நேரத்துக்குப் புழுமருந்து என்பனவற்றை முதலில் கவனியுங்கள்.

இன்றே உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். சீட்டின்றி வாங்கிய குளிசையோ, பாதி முடிந்த மருந்துப் போத்தலோ அங்கே இருப்பின், அடுத்தமுறை பட்டணம் செல்லும்போது அதனைப் பணிமனைக்கு எடுத்துச் சென்று காட்டி, அப்படியே உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். இன்று ஆட்டுக்கென்று வீணாக்காத மருந்து, நாளை உங்கள் பிள்ளைக்கு உண்மையில் வேண்டும்போது பயன்தருவதாக இருக்கும்.